தச்சுப் பட்டறைக்குள் விறகுக் கணப்படுப்பு: சுவர், மேடை, புகைபோக்கி பற்றிய ஐயங்கள்

கேள்வி: இழைப்புளி

அனைவருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் என் தச்சுப் பட்டறையில் வேலை செய்வது பெரும் பாடாக இருக்கிறது. கை விறைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மர ஒட்டுப்பசை குளிரில் சரியாக இறுகாமல், இணைப்பைப் பிரித்துப் பார்த்தால் வெண்பொடியாக உதிர்ந்துவிடுகிறது. ஆகவே விறகு எரிக்கும் கணப்படுப்பு ஒன்றைப் பொருத்த முடிவு செய்திருக்கிறேன்.

பட்டறை வீட்டை ஒட்டாமல் தனியாக நிற்கும் கட்டடம். நீளம் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர், உயரம் சராசரியாக 3 மீட்டர். சுவர்கள் மரச்சட்டங்களின் மேல் ஜிப்சம் பலகை அறைந்தவை; சட்டங்களுக்கு இடையே கண்ணாடிப் பஞ்சு நிரப்பியிருக்கிறது. தரை, மர விட்டங்களின் மேல் பரப்பிய பிளைவுட். அதற்கு ஓரடி கீழே மண். கூரை, உலோகத் தகடு வேய்ந்த சாய்கூரை. அடுப்பு, தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் பயன்பட்ட பழைய எஃகு அடுப்பு. உடலில் வெடிப்பு ஏதும் இல்லை. கதவைச் சுற்றியுள்ள கயிற்றுப் பட்டியை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் சான்றுத் தகடும் இல்லை, கையேடும் இல்லை. கால்களின் உயரம் 17 செ.மீ.

என் திட்டம் இதுதான். அடுப்பை ஒரு மூலையில், சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி வைத்து, அந்தப் பகுதியின் ஜிப்சம் பலகை மீது நேரடியாகப் பீங்கான் ஓடு ஒட்ட நினைக்கிறேன். தரையிலும் பிளைவுட் மேல் அதே ஓடுதான். கூரையைத் துளைத்தால் மழைநீர் ஒழுகுமோ என்ற அச்சத்தால், புகைக்குழாயை அடுப்புக்கு ஒரு மீட்டர் மேலே மடக்கி, சுவர் வழியாக வெளியேற்றி, வெளிச்சுவரை ஒட்டி மேலே ஏற்றலாம் என்றிருக்கிறேன். விறகுக்கு வேலையில் மிஞ்சும் மரத்துண்டுகளே போதும். அதே அறையில் தூசு உறிஞ்சி இயந்திரமும் ஓடுகிறது. அது காற்றையும் தூசையும் கட்டடத்துக்கு வெளியே தள்ளுகிறது. லாக்கர், வார்னிஷ் பூச்சு வேலையும் அங்கேயேதான் நடக்கிறது. இதில் எங்கெல்லாம் ஆபத்து இருக்கிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: கொத்துக்கரண்டி

வணக்கம் இழைப்புளி அவர்களே. கட்டுமானத்தை இவ்வளவு விவரமாகச் சொன்னதால் மறுமொழி கூறுவது எளிதாயிற்று. சுவரையும் மேடையையும் பற்றி நான் எழுதுகிறேன். அடுப்புக்குள் எரியும் நெருப்பைவிட, ஓட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் மரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

சுவரில் ஓடு பதித்துவிட்டால் அது தீக்கு அஞ்சாத சுவராகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஓடு எரியாது என்பது உண்மைதான். ஆனால் அது வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை, வாங்கிப் பின்னால் இருப்பதற்குக் கடத்திவிடுகிறது. ஜிப்சம் பலகையின் மேலுறை காகிதம். அதற்குப் பின்னால் நிற்பது மரச்சட்டம். ஆகவே உங்கள் சுவர் முழுவதையும் எரியக்கூடிய சுவர் என்றே கணக்கில் கொள்ள வேண்டும். மரம் பற்றிக்கொள்ள ஏறத்தாழ 250 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும் என்று சொல்லப்படுவது நல்ல நிலையிலுள்ள மரத்துக்குப் பொருந்தும். ஆண்டுக்கணக்கில் மிதமான சூட்டிலேயே காய்ந்துகொண்டிருக்கும் மரமோ உள்ளுக்குள் மெல்லக் கரியத் தொடங்குகிறது. அப்படிக் கரிந்த மரம் அதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளக்கூடும். பல குளிர்காலங்கள் ஒன்றும் நேராமல் கழிந்து, பிறகு ஒரு நாள் வழக்கமான நெருப்புக்கே சுவர் தீப்பிடிப்பது இதனால்தான். எனவே, "இத்தனை ஆண்டுகளாக எரிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று யார் சொன்னாலும் அதைப் பாதுகாப்புக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி இடைவெளிக்கு வருவோம். சான்றுத் தகடு உள்ள அடுப்பென்றால், அந்தத் தகட்டிலும் கையேட்டிலும் குறித்திருக்கும் இடைவெளியைத்தான் பின்பற்ற வேண்டும். அதற்கு மேல் யாருடைய அறிவுரையும் தேவையில்லை. உங்கள் அடுப்புக்கு அது இல்லாததால் பொதுவிதிதான் வழி. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211ஆம் எண் தரநிலையின்படி, சான்றில்லாத அடுப்புக்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் இடையே 36 அங்குலம், அதாவது சுமார் 91 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். நீங்கள் நினைத்திருக்கும் 30 செ.மீ. இதில் மூன்றில் ஒரு பங்குதான். சிறிய பட்டறையில் 91 செ.மீ. விட்டுக்கொடுப்பது கடினம் என்பது புரிகிறது. அதற்கும் வழி உண்டு: 24 கேஜ் (சுமார் 0.6 மி.மீ.) கனமுள்ள எஃகுத் தகட்டைச் சுவரிலிருந்து 25 மி.மீ. தள்ளி, எரியாத இடைத்தாங்கிகளின் மேல் பொருத்தினால், சுவர்ப்பக்க இடைவெளியை மூன்றில் இரண்டு பங்கு குறைத்துக்கொள்ளலாம், 91 செ.மீ. 30 செ.மீ. ஆகிவிடும்.

இங்கே தகட்டைவிட முக்கியமானது தகட்டுக்குப் பின்னால் ஓடும் காற்று. தகட்டின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் 25 மி.மீ. மேலே நிற்க வேண்டும். மேல்விளிம்பும் திறந்திருக்க வேண்டும். கீழே நுழையும் குளிர்ந்த காற்று சூடேறி மேலே போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அழகுக்காக மேலே ஒரு பட்டி அடித்து அந்த வாயை மூடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். மூடிய மறுகணமே அந்தத் தடுப்பு வெறும் அலங்காரமாகிவிடுகிறது. இடைத்தாங்கிகளாக மரக்கட்டையைப் பயன்படுத்தக் கூடாது. உலோகக் குழாய்த்துண்டோ பீங்கான் துண்டோ போதும். அவற்றையும் அடுப்புக்கு நேர் பின்னால் வைக்காமல் ஓரங்களில் வையுங்கள். ஏனெனில் திருகாணி வழியாகவும் வெப்பம் சட்டத்துக்குப் போகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 30 செ.மீ. என்பதை அடுப்பின் மேற்பரப்பிலிருந்து அசல் சுவர் வரை அளக்க வேண்டும், தகடு வரை அன்று.

தகடு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நூலே போதும். 91 செ.மீ. நீள நூலின் ஒரு முனையை அடுப்பின் ஒவ்வொரு மூலையிலும் பிடித்துக்கொண்டு, மறுமுனையை எல்லாத் திசையிலும் சுழற்றுங்கள். மறைப்பில்லாத சுவர், கதவுச்சட்டம், மரப்பலகைகள் அடுக்கும் அலமாரி, வேலைமேசையின் கால் என்று நூல் எதைத் தொட்டாலும், ஒன்று அதற்கு மறைப்பு வேண்டும், அல்லது அது அங்கிருந்து நகர வேண்டும். ஒற்றைச்சுவர்ப் புகைக்குழாய்க்கு இதேபோல் 46 செ.மீ. நூல்.

தரையைப் பொறுத்தவரை மேடைக்கு இரண்டு கடமைகள் உண்டு: தெறிக்கும் தணலைத் தாங்குவது ஒன்று, அடுப்பின் அடிவெப்பம் பிளைவுட்டுக்கு எட்டாமல் தடுப்பது மற்றொன்று. பிளைவுட் மேல் ஒட்டிய ஓடு முதலாவதை அரைகுறையாகச் செய்யும். இரண்டாவதைச் செய்யவே செய்யாது. தரை அசையும்போது ஓட்டின் மூட்டுகள் விரியும். அந்த மயிரிழை விரிசலில் மரத்தூள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஒரு தணல் விழுந்தால் போதும். உங்கள் அடுப்பின் கால் 15 செ.மீ.க்கு மேல் இருப்பது நல்ல செய்தி: எஃகுத் தகட்டைக் கீழே விரித்து, அதன்மேல் 5 செ.மீ.க்குக் குறையாத செங்கல்லையோ கல்லையோ இடுக்கில்லாமல் அடுக்கி, அடுப்பின் எல்லாப் பக்கமும் 46 செ.மீ. வெளியே நீளுமாறு மேடை கட்டினால் பொதுவிதிக்கு அது பொருந்தும். கால் 5 செ.மீ.க்கும் குறைவாக இருந்திருந்தால், எரியக்கூடிய தரையின் மேல் அந்த அடுப்பை வைக்கவே கூடாது.

என் விருப்பத்தைக் கேட்டால், மண் ஓரடியில் இருக்கும்போது மேடையளவுக்குப் பிளைவுட்டை அறுத்து எடுத்துவிட்டு, வெட்டப்பட்ட விட்டங்களுக்கு முறையாக முட்டுக்கொடுத்து, மண்ணிலிருந்தே கான்கிரீட் மேடை எழுப்புவேன். அடுப்பு, செங்கல் இரண்டின் பாரமும் விட்டங்கள் மேல் விழாது; கீழே எரிவதற்கும் ஒன்றும் இருக்காது. மேடையைத் தரைமட்டத்திலிருந்து ஒரு செங்கல் உயர்த்திவிடுங்கள். பெருக்கும்போது சீவல் அடுப்படிக்குப் போகாது.

மறுமொழி: புகைவழி

கொத்துக்கரண்டி அவர்கள் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். புகைபோக்கியைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கூரையைத் துளைக்க அஞ்சிச் சுவர் வழியாகப் போவது, ஒழுகலுக்கு அஞ்சித் தீயை வரவழைப்பதாகும். இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். முதலாவது, சுவருக்கு வெளியே குளிரில் நிற்கும் புகைபோக்கியில் புகை ஆறிவிடுகிறது. ஆறிய புகை மேலே ஏறத் தயங்குகிறது, காற்றிழுப்பு குறைகிறது, நெருப்பு மூட்டும்போதெல்லாம் அறைக்குள் புகை திரும்புகிறது. ஆறிய புகையிலுள்ள நீராவியும் எரியாத தாரும் குழாயின் உட்சுவரில் படிந்து, கிரியோசோட் எனப்படும் கருங்கீலாக இறுகுகின்றன. அந்தக் கீல் ஒரு நாள் பற்றிக்கொண்டால் குழாய்க்குள் வெப்பம் 1000 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். இரண்டாவது, ஒவ்வொரு மடக்கும் இழுப்பைக் குறைத்து, கீலும் சாம்பலும் தங்க இடம் தருகிறது. நேராக மேலே போகும் குழாயைவிடச் சிறந்தது இல்லை. ஒழுகலைப் பொறுத்தவரை, உலோகக் கூரையின் அலைவடிவத்துக்கேற்ப வளையும் வெப்பம் தாங்கும் ரப்பர்க் காலர்கள் இதற்கென்றே உள்ளன. முறையாகப் பொருத்தினால் நீர் இறங்காது.

அடுப்பிலிருந்து உட்கூரை வரை ஒற்றைச்சுவர்க் கருங்குழாய் போதும். ஆனால் அது எந்தச் சுவருக்குள்ளும், எந்தக் கூரைக்குள்ளும் நுழையக் கூடாது. அங்கிருந்து மேலே, இரட்டைச்சுவருக்கு இடையே வெப்பக்காப்பு அடைத்த, திட எரிபொருளுக்கென்று சான்று பெற்ற புகைபோக்கியே வேண்டும். அதற்கும் கைமரங்களுக்கும் இடையே அதன் தயாரிப்பாளர் குறிக்கும் வெற்றிடம், பெரும்பாலும் 50 மி.மீ., விட்டே ஆக வேண்டும். உங்கள் கூரையில் கண்ணாடிப் பஞ்சு இருந்தால் அதை அந்த வெற்றிடத்தில் திணிக்காதீர்கள். பஞ்சு எரியாது, ஆனால் வெப்பத்தை வெளியேற விடாமல் புகைபோக்கியைச் சுற்றிச் சிறைப்பிடித்து மரத்துக்குக் கொடுத்துவிடும்.

உயரத்துக்கு ஓர் எளிய விதி உண்டு. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 செ.மீ. உயர வேண்டும், அதோடு 3 மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் கூரைமுகடு முதலிய எதைவிடவும் 60 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். அடுப்பின் தலையிலிருந்து மொத்தம் 4.5 மீட்டராவது இருந்தால்தான் இழுப்பு நம்பத்தக்கதாக இருக்கும். குழாயின் விட்டம் அடுப்பின் வாய்விட்டத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

இணைப்புகளில் பலரும் தலைகீழாகச் செய்யும் ஒன்று உண்டு. குழாயின் சுருக்கிய முனை கீழ்நோக்கி, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வழியும் கீல் அடுப்புக்குள்ளேயே இறங்கும். மேல்நோக்கி வைத்தால் ஒவ்வொரு மூட்டிலும் கருப்பாகக் கசிந்து, சூட்டில் நாற்றமெடுக்கும். ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணிகள் போடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். துத்தநாகம் சுமார் 420 பாகையில் உருகிவிடும், அதற்கு முன்பே பூச்சு கெடத் தொடங்கும், அதிகச் சூட்டில் வரும் ஆவியும் உடலுக்குத் தீங்கானது.

குழாயின் மேல் காந்த வெப்பமானி ஒன்றை ஒட்டிவையுங்கள். ஒற்றைச்சுவர்க் குழாயின் வெளிப்பரப்பு 120 முதல் 240 பாகைக்குள் இருந்தால் நெருப்பு சரியாக எரிகிறது. எப்போதும் அதற்குக் கீழேயே நின்றால் கீல் சேர்கிறது என்று பொருள். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழுள்ள விறகையே எரியுங்கள். படிவு 3 மி.மீ. தடிமனை எட்டினால் அடுப்பை நிறுத்திவிட்டு, துடைத்த பிறகே மீண்டும் மூட்ட வேண்டும்.

மறுமொழி: வார்னிஷ்தூரிகை

மேலே இருவரும் அடுப்பை எப்படி வைப்பது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறையில் அடுப்பை வைக்கலாமா என்ற கேள்வியை நான் எழுப்ப விரும்புகிறேன். வண்டி நிறுத்தும் கொட்டகை, பெட்ரோல் வைக்கும் அறை, எரியக்கூடிய ஆவி எழும் இடம் ஆகியவற்றில் விறகடுப்பு கூடாது என்பதற்கு அழுத்தமான காரணம் இருக்கிறது. லாக்கர் தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தரையாகப் பரவுகிறது; அடுப்பின் காற்றுவாயும் கீழேதான் இருக்கிறது. அசிட்டோன் சுமார் மைனஸ் 20 பாகை செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுவது. பெட்ரோல் அதைவிடவும் மோசம். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு லாக்கர் தெளிக்கலாம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். சுடர் அணைந்துவிட்டது என்பதும் போதாது. சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். பூச்சு வேலையை வேறு கட்டடத்துக்கு மாற்றுங்கள், அல்லது நீரில் கரையும் பூச்சுகளுக்கு மாறிவிடுங்கள். இரண்டும் முடியாதென்றால், விறகடுப்பைக் கைவிட்டு வேறு வகையில் சூடேற்றுவதே சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

தூசு உறிஞ்சியைப் பற்றியும் சிந்தியுங்கள். உங்கள் அறையின் கொள்ளளவு 90 கன மீட்டர். மணிக்கு 1500 கன மீட்டர் இழுக்கும் சாதாரண இயந்திரம் என்று வைத்துக்கொண்டால், நான்கு நிமிடத்துக்குள் அறைக்காற்று முழுவதையும் வெளியே தள்ளிவிடும். அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவும் ஜன்னலும் மூடியிருந்தால், இருப்பதிலேயே பெரிய திறப்பு உங்கள் புகைபோக்கிதான். விறகடுப்பின் இழுப்பு 12 பாஸ்கல் அளவுக்கு மென்மையானது. இயந்திரத்தின் இழுப்புக்கு முன் அது நிற்காது. புகையும் கார்பன் மோனாக்சைடும் அடுப்பிலிருந்து அறைக்குள் திரும்பும். காற்றை நன்கு வடிகட்டி அறைக்குள்ளேயே விடும் அமைப்புக்கு மாறுவது ஒரு வழி. இல்லையேல், நெருப்பு இருக்கும்போது இயந்திரம் ஓடக் கூடாது. எந்த வழியில் போனாலும் அடுப்புக்கு அருகே பெருக்கியதை உறிஞ்சியால் இழுக்காதீர்கள். ஒரே ஒரு தணல் பைக்குள் போனால், உள்ளே இருக்கும் நுண்தூளோடு சேர்ந்து அது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மிஞ்சிய துண்டுகளை எரிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பிளைவுட், சாயம் பூசியது, கரையான் மருந்தேற்றிய மரம் ஆகியவற்றை அடுப்பில் இடவே கூடாது. குரோமேற்றம் பெற்ற செம்பு ஆர்சனேட் ஏற்றிய மரத்தை எரித்தால் சாம்பலிலேயே ஆர்சனிக் தங்கும். சூளையில் உலர்த்திய சுத்தமான மரத்துண்டுகளை எரிக்கலாம். ஆனால் அவை மிக உலர்ந்தவை, சிறியவை. அடுப்பை நிரப்பினால் கட்டுக்கடங்காமல் எரிந்து எஃகையே சிவக்க வைக்கும். பருமனான விறகோடு சிலவற்றை மட்டும் சேருங்கள். மரத்தூளை அள்ளி நெருப்பில் வீசுவது முற்றிலும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணி தீயே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றக்கூடியது. அதை விரித்து வெளியே உலர்த்துங்கள்.

தொடர்ச்சி: இழைப்புளி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நூலைப் பிடித்து அளந்து பார்த்தேன். நான் நினைத்த மூலையில் இரண்டு சுவர்களோடு கதவுச்சட்டமும் அகப்படுகிறது. எனவே மூலையைக் கைவிட்டு, நீளச்சுவரின் நடுவில், இரு கைமரங்களுக்கு இடையே குழாய் நேராக ஏறும் இடத்தைத் தேர்ந்திருக்கிறேன். தரையை அறுத்துக் கான்கிரீட் மேடை எழுப்புவேன். லாக்கர் வேலையைப் பட்டறையிலிருந்து வெளியேற்றிவிடுகிறேன். உறிஞ்சிக்கு நல்ல வடிகட்டி வாங்கும் வரை நெருப்பும் இயந்திரமும் ஒன்றாக ஓடாது. இன்னும் இரண்டு ஐயங்கள். புகை எச்சரிக்கைக் கருவி தூசு பட்டறையில் வேலை செய்யுமா? அனுமதி, சோதனை ஆகியவற்றை எந்தக் கட்டத்தில் கேட்க வேண்டும்?

மறுமொழி: கொத்துக்கரண்டி

நல்ல முடிவுகள். புகைக் கருவி மரத்தூளுக்கே அலறும்; பிறகு எரிச்சலில் நீங்களே அதைக் கழற்றிவிடுவீர்கள். பட்டறைக்கு வெப்பம் உணரும் கருவியே பொருத்தம். அதோடு கார்பன் மோனாக்சைடு கருவி கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தின் கட்டட விதிகள் 2010 முதல் புதிதாகப் பொருத்தும் விறகடுப்புக்கு அதை வலியுறுத்துகின்றன. அடுப்பிலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டர் தொலைவில் வையுங்கள். தீயணைப்பானை அடுப்பருகே மாட்டாமல், வெளியேறும் கதவருகே மாட்டுங்கள். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்கு அப்பால், எரியாத தரையில் வையுங்கள்.

கட்டட அனுமதி தரும் அலுவலகத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எதையும் அறுப்பதற்கு முன்பே கேளுங்கள். சில இடங்களில் சான்றில்லாத அடுப்பை ஏற்கவே மாட்டார்கள். மேடை கட்டிய பிறகு அது தெரியவந்தால் எல்லாம் வீண். உங்கள் பகுதியின் விதி நான் சொன்ன அளவுகளைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கூரைத்துளையை மூடுவதற்கு முன், கைமரங்களுக்கும் புகைபோக்கிக்கும் இடையிலான வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும்போதே சோதகரை வரவழையுங்கள்.

முதல் சில நெருப்புகளைச் சிறியதாக வைத்து, பட்டறையின் கதவைத் திறந்துவிடுங்கள். எஃகின் சாயம் காய்ந்து புகையும். அதன்பின் முழு நெருப்பு இரண்டு மணி நேரம் எரிந்ததும், தகட்டுக்குப் பின்னால் ஓரத்திலிருந்து கையை நுழைத்து அசல் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கையை வைத்திருக்க முடியாத சூடாக இருந்தால் காற்றுவாயைக் குறைத்து நெருப்பைத் தணிய விட்டு, இடைவெளியைக் கூட்டும் வரை மீண்டும் மூட்டாதீர்கள்.